தீனிக்குக் கொடுப்பவர் யார்?

(லண்டன் மிருகக்காட்சி சாலையின் நன்கொடைக் கதையும் நம் விலங்கியல் மியூசியமும்)



மலர்க் குழுவினர் "பழைய நினைவுகள் ஏதாவது எழுதுங்க சார்" என்று கேட்டார்கள். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றியும் கட் அடித்துப் பார்த்த மாட்டினி ஷோவைப் பற்றியும் என்னைவிடச் சுவையாக எழுதக்கூடியவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. நான் படித்தது விலங்கியல். ஆகவே ஒரு மிருகக்காட்சி சாலையின் வரலாற்றை எழுதுகிறேன். அது நம் கல்லூரிக்கு எப்படி வந்து சேருகிறது என்பதைக் கடைசியில் பார்க்கலாம். அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்!

1975-ல் எங்கள் வகுப்பு சென்னைக்குச் சுற்றுலா போனது. அந்தக் காலத்தில் பட்டணம் பார்க்கப் போகிறவர்கள் இரண்டு 'காலேஜ்' பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டார்கள். எழும்பூர் மியூசியம் 'செத்த காலேஜ்'. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. "நாம படிக்கிறது இதுல எந்தக் காலேஜ்டா?" என்று ஒருவன் கேட்க, பேராசிரியர் காதில் விழுந்து, திரும்பும் வழியெல்லாம் ரயிலில் எங்களுக்கு அர்ச்சனை.

அந்த உயிர் காலேஜ் பிறந்ததே ஒரு பெரிய நன்கொடையால்தான் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. சென்னை மியூசியத்தின் பொறுப்பில் இருந்த டாக்டர் எட்வர்ட் பால்ஃபர், மியூசியத்தில் ஒரு புலிக்குட்டியையும் சிறுத்தைக் குட்டியையும் உயிரோடு வைத்துப் பார்த்தார். கூட்டம் அலை மோதியது. செத்ததைவிட உயிருள்ளதைப் பார்க்கத்தான் ஜனங்கள் வருகிறார்கள் என்று புரிந்துகொண்டு, ஆற்காட்டு நவாபிடம் பேசி, அவரிடம் இருந்த மிருகங்களை எல்லாம் மியூசியத்துக்கே கொடுக்கச் செய்தார். 1855-ல் சென்னை மிருகக்காட்சி சாலை அப்படித்தான் தொடங்கியது. 1985-ல் அது வண்டலூருக்குக் குடிபோனது உங்களுக்குத் தெரிந்த கதை.

ஆக, கேட்கத் தெரிந்த ஒருவர், கொடுக்க மனமுள்ள ஒருவர். இந்த இரண்டு பேரும் சந்தித்தால் ஒரு ஸ்தாபனம் பிறக்கும். ஆனால் பிறந்தது பிழைக்க வேண்டுமே! அங்கேதான் என் கதை ஆரம்பிக்கிறது.

அண்ணாச்சி கேட்ட கேள்வி

சில வருஷங்களுக்கு முன்பு, நம் சங்கத்தின் ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு மூத்த பழைய மாணவரைப் பார்க்கப் போனேன். மொத்த வியாபாரம் செய்பவர். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. விலங்கியல் மியூசியத்துக்குக் கண்ணாடி பீரோ வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். இந்தத் தடவை பெரிய தொகையாகக் கேட்டுவிடலாம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ஏ தம்பி, நா குடுத்த பீரோ எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு அண்ணாச்சி. உங்க பேரு பளிச்சுன்னு தெரியுது."

"பேரு கெடக்கட்டும். உள்ள என்ன இருக்கு?"

நான் முழித்தேன். மியூசியத்துக்குள் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது.

"ரசீது குடுத்தீங்க, ஒரு சால்வை போட்டீங்க. அதுக்கப்புறம் பத்து வருஷத்துல ஒரு கார்டு போட்டீங்களா? இன்ன பாட்டில் வச்சிருக்கோம், இத்தன பிள்ளைங்க பாத்துதுன்னு? இப்ப திரும்ப நோட்டத் தூக்கிட்டு வந்தாச்சு. காப்பி சாப்ட்டுட்டுப் போங்க தம்பி."

காப்பி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இறங்கவில்லை. மறுநாள் மியூசியத்துக்குப் போய்ப் பார்த்தேன். பீரோ ஜம்மென்று நின்றது. உள்ளே பாட்டில்களில் பார்மலின் பாதி வற்றிப்போய், கடல் குதிரை அடியில் காய்ந்து கிடந்தது. பாடம் செய்த கீரியின் காதைப் பூச்சி தின்றிருந்தது. பீரோவுக்குக் கொடுக்க ஆள் இருந்தார். பார்மலினுக்குக் கொடுக்க ஆள் இல்லை. தப்பு கொடுத்தவரிடம் இல்லை. கேட்ட எங்களிடம்தான்.

அன்று முதல், இது நமக்கு மட்டும் நடக்கிற விஷயமா என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். உலகத்தின் மிகப் பழைய விலங்கியல் சங்கங்களில் ஒன்றுக்கு, லண்டன் மாநகரத்திலேயே, இதே கதி வந்திருக்கிறது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

யானை கட்டித் தீனி போடுவது

சிங்கப்பூரில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய ஸ்டாம்போர்ட் ராஃபிள்ஸைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருக்கு மிருகங்கள், செடி கொடிகள் என்றால் உயிர். 1824-ல் சுமத்ராவிலிருந்து ஊர் திரும்பக் கப்பலேறினார். பல வருஷமாகச் சேர்த்த குறிப்புகள், படங்கள், மாதிரிகள், உயிருள்ள பிராணிகள் எல்லாம் அதே கப்பலில். புறப்பட்ட அன்றே கப்பல் தீப்பிடித்தது. ஆட்கள் பிழைத்தார்கள், சேகரிப்பு சாம்பலானது. வேறு யாராக இருந்தாலும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள். அவரோ லண்டனுக்கு வந்து, பிரபுக்களையும் விஞ்ஞானிகளையும் ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசி, 1826-ல் லண்டன் விலங்கியல் சங்கத்தை நிறுவிவிட்டார். அதே ஆண்டு ஜூலையில் இறந்தும்போனார். தோட்டத்தை அவர் பார்க்கவில்லை.

1828-ல் ரீஜன்ட் பூங்காவில் தோட்டம் திறந்தது. இடம் அரசுடைமை. செலவோ சங்க உறுப்பினர்களின் சந்தாவிலிருந்து. உறுப்பினர்களும் அவர்கள் அழைத்து வந்தவர்களும்தான் உள்ளே போகலாம். மன்னர் நான்காம் வில்லியம் 1831-ல் அரச குடும்பத்து மிருகங்களைச் சங்கத்துக்கே தானமாகக் கொடுத்துவிட்டார். கேட்பதற்கு எவ்வளவு பெருமை! ஆனால் நம் ஊரில் சொல்வார்களே, 'யானை கட்டித் தீனி போடுகிற வேலை' என்று, அதுதான் நடந்தது. மிருகம் தானமாக வரும். தீனி தானமாக வராது. ஒருநாள் வந்த தானம், தினம் தினம் செலவு வைக்கும். சங்கம் பணத்துக்குத் திண்டாடி, 1847-ல் பொதுமக்களுக்கும் டிக்கெட் போட்டுக் கதவைத் திறந்தது.

டிக்கெட் வருமானமும் ஒரு மாதிரியான காற்றுதான். அடிக்கும், ஓயும். 1850-ல் எகிப்தை ஆண்ட அப்பாஸ் பாஷா ஒரு நீர்யானைக் குட்டியைக் கொடுத்தார். ஒபாய்ஷ் என்று பெயர். ஐரோப்பாவில் அதற்கு முன் நீர்யானையைப் பார்த்தவர்கள் உயிரோடு இல்லை எனலாம்; ரோமாபுரிக் காலத்தோடு சரி. அந்த வருஷம் கூட்டம் இரட்டித்தது. நூறு வருஷம் கழித்து, 1949 இறுதியில் பிறந்த புரூமாஸ் என்ற பனிக்கரடிக் குட்டியைப் பார்க்க 1950-ல் 30 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். ஆனால் குட்டி வளர்ந்துவிடும். வளர்ந்த கரடியைப் பார்க்க யார் வரிசையில் நிற்பார்கள்?

நடுவில் ஒரு சம்பவம். ஜம்போ என்ற பெரிய ஆப்பிரிக்க யானை. குழந்தைகளை முதுகில் ஏற்றிச் சுமந்த யானை. 1882-ல் அதை அமெரிக்க சர்க்கஸ்காரர் பார்னமுக்கு 2,000 பவுண்டுக்கு விற்றுவிட்டார்கள். நாடே கொதித்தது. குழந்தைகள் விக்டோரியா மகாராணிக்குக் கடிதம் எழுதினார்கள். யானைக்கு மதம் பிடிக்கும் என்ற பயத்தில்தான் விற்றார்கள் என்பது நிர்வாகத்தின் கட்சி. அது எப்படியோ போகட்டும். இந்த ஸ்தாபனம் எங்களுடையது என்று ஊர் ஜனங்கள் நினைக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் வெளியே தெரிந்தது. அந்த நினைப்பு பணத்தைவிடப் பெரிய முதல். ஆனால் அதை உண்டியலாக மாற்ற அன்று யாருக்கும் தோன்றவில்லை.

கல்வெட்டுக் காலம்

இருபதாம் நூற்றாண்டில் பெரிய மனிதர்களின் பெரிய நன்கொடைகள் வர ஆரம்பித்தன. வெள்ளிச் சாமான், நகை வியாபாரத்தில் பெயர்பெற்ற குடும்பத்தைச் சேர்ந்த ஜான் நியூட்டன் மாப்பின் கொடுத்த பணத்தில், கரடிகளும் மலை ஆடுகளும் ஏறி விளையாட ஒரு செயற்கை மலையே கட்டினார்கள். 1914-ல் திறந்த அதற்கு 'மாப்பின் டெரஸ்' என்று பெயர்.

1955 முதல் 1977 வரை சங்கத்தின் செயலாளராக இருந்தவர் சாலி சக்கர்மேன் என்ற விஞ்ஞானி. அரசாங்கத்துக்கு ஆலோசகர். பெரிய இடங்களில் நல்ல பழக்கம். தலைவராக இருந்தவரோ மகாராணியின் கணவர் இளவரசர் பிலிப். இந்த இரண்டு பேரும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? நிலம், கட்டட வியாபாரத்தில் கொழித்த ஜாக் காட்டனின் பெயரில் 1963-ல் காட்டன் டெரஸ், சார்லஸ் க்ளோர் பெயரில் 1967-ல் சிறு பாலூட்டிகளுக்கான கூடம், மைக்கேல் சோபெல் பெயரில் 1972-ல் குரங்குகளுக்கான கூடம் என்று வரிசையாக எழும்பின. நஃபீல்ட், வெல்கம் என்ற அறக்கட்டளைகளின் பெயரில் ஆராய்ச்சி நிலையங்களும் வந்தன.

பெரிய நன்கொடை கேட்கும் கலையை அவர்கள் நன்றாகவே தெரிந்துவைத்திருந்தார்கள். அதில் மாயம் ஒன்றுமில்லை. முதலில் கொடுக்கக்கூடியவர் யார் என்று பார்ப்பது. பிறகு, அவர் மதிக்கிற ஒருவரை விட்டே கேட்க வைப்பது. நூறு பேரிடம் நூறு நூறாக வாங்குவதற்கு முன், ஒருவரிடம் பெரிய தொகை வாங்கிவிடுவது. கடைசியாக, அவர் பெயர் நிற்கும்படி ஒரு கட்டடம். இன்றைக்கும் உலகமெங்கும் பல்கலைக்கழகங்களும் ஆஸ்பத்திரிகளும் செய்வது இதைத்தான்.

பெயர் வைப்பதை நான் கேலி செய்யவில்லை. மனிதனுக்குப் பெயர் மேல் ஆசை இருப்பது இயல்பு. நம் ஊர்க் கோவிலில் டியூப் லைட் வாங்கிக் கொடுத்துவிட்டு 'உபயம்' என்று ஆரம்பித்து ஊர், தெரு, கடை, பேரன் பேத்தி பெயர்கள் வரை எழுதி, வெளிச்சமே வெளியே வராமல் செய்வோமே, அவர்களும் நம்மைப் போல மனிதர்கள்தானே! விஷயம் அதுவல்ல. டியூப் லைட்டுக்கு உபயதாரர் உண்டு. மாதாமாதம் வருகிற கரண்ட் பில்லுக்கு உபயதாரர் யார்?

1991: கதவுக்குப் பூட்டு

கட்டடங்கள் வயதாகின. மாப்பின் மலை பழுதாகி 1985-ல் மூடப்பட்டது. இடித்துவிட்டு வேறு கட்டலாம் என்றால் அதுவும் முடியாது. தோட்டத்தில் இருந்த பல கட்டடங்களைப் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் என்று அரசாங்கம் பட்டியலில் சேர்த்துவிட்டது. உபயோகிக்கவும் முடியாது, இடிக்கவும் முடியாது, பழுது பார்க்கவோ பணமில்லை. பழைய வீட்டைப் பங்காளிகளோடு வைத்திருப்பவர்களுக்கு இந்த வேதனை புரியும்.

கூடவே ஜனங்களின் மனசும் மாறியிருந்தது. கூண்டில் அடைத்த மிருகத்தைப் பார்த்துச் சிரிக்கிற காலம் போய்விட்டது. 1983-ல் போலே போலே என்ற இளம் யானை லண்டன் மிருகக்காட்சி சாலையில் இறந்தது. சினிமாவில் அதனோடு நடித்திருந்த வர்ஜீனியா மெக்கென்னா, பில் டிராவர்ஸ் தம்பதியர் மனம் நொந்து, 1984-ல் மிருகக்காட்சி சாலைகளைத் தட்டிக் கேட்க ஓர் இயக்கமே தொடங்கினார்கள். பார்வையாளர் எண்ணிக்கை 1950-ல் இருந்ததில் பாதிக்கும் கீழே போயிற்று.

அரசாங்கம் 1988-ல் ஒரு கோடி பவுண்டு கொடுத்தது. இதோடு உங்கள் பாடு, இனி கேட்கக் கூடாது என்ற கணக்கில். அதுவும் கரைந்தது. 1991-ல் மூடப்போகிறார்கள் என்று பேச்சு எழுந்தது. 1992 ஜூனில் சங்கத்தின் நிர்வாகக் குழு, செப்டம்பர் இறுதியோடு மூடிவிடுவது என்றே முடிவு செய்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். காட்டன், க்ளோர், சோபெல், மாப்பின் என்று இத்தனை பெயர்கள் சுவர்களில் இருக்கின்றன. அத்தனையும் பெரிய நன்கொடைகள். ஆனால் காப்பாளர்களுக்குச் சம்பளம், சிங்கத்துக்கு மாமிசம், ஒழுகுகிற கூரைக்குத் தகடு, இவற்றுக்குப் பெயர் போட்ட நிதி போதுமான அளவு இல்லை. எங்கள் பீரோவும் கடல் குதிரையும் எனக்கு ஞாபகம் வந்தது இந்த இடத்தில்தான்.

செய்தி வெளியானதும் ஜம்போ காலத்து நினைப்பு மறுபடி கிளம்பியது. பொதுமக்கள் பணம் அனுப்பினார்கள். சங்க உறுப்பினர்களே எழுந்து நின்று மூடக் கூடாது என்று வாதாடினார்கள். வளைகுடாப் போரில் தன் நாட்டை மீட்க பிரிட்டன் உதவியதற்கு நன்றியாக, குவைத் அமீர் 10 லட்சம் பவுண்டு கொடுத்தார். மூடும் முடிவு கைவிடப்பட்டது. இனி இந்த இடம் வேடிக்கைக்காக அல்ல, அழியும் இனங்களைக் காப்பாற்றவும் ஆராயவும்தான் என்று தன் வேலையைத் திருத்திச் சொல்லிக்கொண்டு மறுபடி நடக்க ஆரம்பித்தது.

அம்பிகா

அந்த இக்கட்டான காலத்தில் வந்த இன்னொரு நன்கொடையைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமே இல்லை.

ஜலந்தரில் 1931-ல் பிறந்த ஸ்வராஜ் பால், கல்கத்தாவில் குடும்பத் தொழிலில் இருந்தவர். 1966-ல் தன் சின்ன மகள் அம்பிகாவைத் தூக்கிக்கொண்டு லண்டன் போனார். குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய். அன்றைய வைத்தியத்தால் முடியவில்லை. 1968-ல் நான்கு வயதில் குழந்தை போய்விட்டது. நோயோடு இருந்த நாட்களில் அவளுக்கு மிகவும் பிடித்த இடம் ரீஜன்ட் பூங்கா மிருகக்காட்சி சாலை. பெற்றோர் அவளை அங்கே அழைத்துப் போவார்கள். அங்கே போனால் அவள் முகம் மலரும்.

துக்கத்தில் நாளாக முடங்கிக் கிடந்த அந்தத் தகப்பன், பிறகு லண்டனிலேயே தங்கி இரும்புக் குழாய்த் தொழில் தொடங்கி, கபாரோ என்ற பெரிய தொழில் குழுமத்தை உருவாக்கினார். இருபத்து நான்கு வருஷம் ஓடியது. தன் மகள் சிரித்த இடத்தை மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. 10 லட்சம் பவுண்டு கொடுத்தார். 1994-ல் குழந்தைகளுக்கான மிருகக்காட்சிப் பகுதி அம்பிகா பெயரில் திறந்தது.

பணம் கொடுத்ததோடு அவர் ஒதுங்கிவிடவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வருஷா வருஷம் அங்கே போய் நண்பர்களைக் கூட்டித் தேநீர் விருந்து வைத்தார். முதுமையில் நடை தளர்ந்த பிறகும் அந்த வழக்கத்தை விடவில்லை. 2025 ஆகஸ்டில், 94-வது வயதில் காலமானார்.

நன்கொடை திரட்டுகிறவர்கள் இதில் கற்க வேண்டியது என்ன? இந்தத் தொகையை எந்த ரசீதுப் புத்தகமும் கேட்டு வாங்கியிருக்க முடியாது. சாதாரண டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போன ஒரு குடும்பத்துக்கு, ஒரு கஷ்ட காலத்தில், அந்த இடம் சந்தோஷம் கொடுத்திருக்கிறது. காப்பாளர் யாரோ அந்தக் குழந்தைக்கு ஒரு ஆட்டுக்குட்டியைத் தொட்டுப் பார்க்கக் காட்டியிருக்கலாம், நமக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு அந்த இடம் சுத்தமாக, உயிரோடு, திறந்து இருந்தது. பெரிய நன்கொடையின் விதை 1960-களில் விழுந்திருக்கிறது, முளைத்தது 1990-களில். விதை விழுந்த நாளில் அந்தத் தோட்டத்தை நடத்தியது கல்வெட்டில் பெயரில்லாத தினப்படிச் செலவுதான்.

ஆயிரம் பேரும் ஒருவரும்

தினப்படிச் செலவுக்கே பெரிய நன்கொடை வாங்க முடியாதா? முடியும் என்று காட்டியவர்களும் உண்டு. அதற்கும் இந்த லண்டன் சங்கத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது.

சங்கத்தின் செயலாளராக 1935 முதல் 1942 வரை இருந்தவர் உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி. அவர் 1960-ல் ஆப்பிரிக்கா போய் வந்து, வன விலங்குகள் அழிந்துகொண்டிருப்பதைப் பத்திரிகையில் எழுதினார். அதைப் படித்த விக்டர் ஸ்டோலன் என்ற வியாபாரி அவருக்குக் கடிதம் போட்டார். நாலணா எட்டணா வசூலால் இது தீராது; பெரிய பணக்காரர்களிடம் பெரிய தொகை கேட்க ஒரு ஸ்தாபனம் வேண்டும் என்பது அதன் சாரம். அந்தப் பொறியிலிருந்துதான் 1961-ல் உலக வனவிலங்கு நிதியம் பிறந்தது. பாண்டா கரடிச் சின்னத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள்.

1970-களின் தொடக்கத்தில் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஆளுக்கு 10,000 டாலர் வீதம் ஆயிரம் பேர். அந்த ஆயிரத்தோடு சேர்ந்த ஒருவர் நெதர்லாந்து இளவரசர் பெர்ன்ஹார்ட். ஆக '1001'. சேர வேண்டிய தொகை ஒரு கோடி டாலர். முதலைத் தொடக் கூடாது. வட்டியில் ஆபீஸ் வாடகை, சம்பளம், தபால் செலவு. அதனால் பொதுமக்களிடம் உண்டியல் குலுக்கும்போது, "நீங்கள் போடும் காசு நேராகக் காட்டுக்குப் போகும்" என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது. பாருங்கள் சாமர்த்தியத்தை! சுவரில்லை, கல்வெட்டில்லை. யாரும் விரும்பிக் கொடுக்காத செலவுக்குத்தான் உலகத்துப் பணக்காரர்களிடம் வாங்கினார்கள்.

அதிலும் ஒரு கறை உண்டு. உறுப்பினர் பெயர்களை அவர்கள் ரகசியமாக வைத்தார்கள். பிறகு வெளியே கசிந்த பட்டியலில், சொந்த நாட்டைச் சுரண்டிய ஜயர் சர்வாதிகாரி மொபுட்டுவின் பெயரும் இருந்தது. பெரிய பணம் கேட்கப் போகிறவர்கள், அது வந்த வழியையும் கேட்க வேண்டும். ரகசியமாக வாங்கிய நன்கொடை என்றைக்காவது ஒருநாள் ஸ்தாபனத்தின் பெயரைக் கெடுக்கும்.

அதே நிதியம் நம் நாட்டுப் புலிக்கும் கை கொடுத்தது. நிறுவனர்களில் ஒருவரான கை மௌன்ட்ஃபர்ட் 1972-ல் பிரதமர் இந்திரா காந்தியைச் சந்தித்து, 10 லட்சம் டாலர் திரட்டித் தருவதாகச் சொன்னார். 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் 9 காப்பகங்களோடு தொடங்கியது. வெளிப் பணம் ஒரு தூண்டுதல். காட்டைக் காக்கிற பெரும் செலவை வருஷா வருஷம் ஏற்றது நம் அரசாங்கங்களே. 1988-ல் நம் பொதிகை மலையில் களக்காடு முண்டந்துறையும் புலிகள் காப்பகமானது. பாபநாசத்துக்குக் குளிக்கப் போகும்போது வனத்துறை செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்துகிறார்களே என்று முணுமுணுக்கிறோம். அந்த செக்போஸ்ட் காவலரின் மாதச் சம்பளம்தான் புலிக்குத் தினசரித் தீனி மாதிரி.

லண்டன் சங்கம் இதையெல்லாம் பட்டுப் பட்டுத்தான் கற்றது. 2020 மார்ச்சில் கொரோனாவால் கதவை மூட வேண்டி வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அப்படி மூடியதில்லை. டிக்கெட் வருமானம் பூஜ்யம்; மிருகங்களின் வயிற்றுக்கு ஊரடங்கு ஏது? டேவிட் அட்டன்பரோ போன்ற பெரியவர்கள் மக்களிடம் வேண்டுகோள் விடுத்தார்கள். இந்தத் தடவை கட்டடத்துக்கு அல்ல. நேராகத் தீனிக்கும் வைத்தியத்துக்கும்தான் கேட்டார்கள். ஜனங்கள் கொடுத்தார்கள்.

இனி நம் கதை

இந்த ஆண்டு ஒன்றுகூடலில் நம் சங்கம் ஒரு முடிவு எடுக்க இருக்கிறது. கல்லூரி முகப்பில் பழைய மாணவர் பெயரில் ஓர் அலங்கார வளைவு கட்டலாம் என்பது ஒரு யோசனை. வளைவு வேண்டாம் என்று சொல்லி யாருடைய பகையையும் சம்பாதிக்க நான் விரும்பவில்லை. மூன்று விஷயங்களை மட்டும் பணிவோடு சபையில் வைக்கிறேன்.

ஒன்று: வளைவோ வகுப்பறையோ பீரோவோ, எதற்குப் பெரிய நன்கொடை வாங்கினாலும், அதில் ஐந்தில் ஒரு பங்கைப் பராமரிப்பு வைப்பு நிதியாக வங்கியில் போடுவது. முதலைத் தொடக் கூடாது. 1990-களில் 12 சதவீதம் வரை வட்டி கிடைத்தது. இப்போது அந்தக் காலம் இல்லை. விலைவாசியோ ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே வட்டியிலும் ஒரு பகுதியை முதலோடு சேர்த்துக்கொண்டே வர வேண்டும்.

இரண்டு: கொடுத்தவர் ஒவ்வொருவருக்கும் வருஷத்துக்கு ஒரு கடிதம். அச்சடித்த நன்றி அல்ல. "நீங்கள் கொடுத்ததில் இன்னது வாங்கினோம், இத்தனை மாணவர் பயன்படுத்தினார்கள், இன்னது பழுதாகிவிட்டது" என்று உள்ளதை உள்ளபடி எழுதுகிற கடிதம். இன்றைய மாணவர்களே எழுதலாம். பழுதை மறைக்கக் கூடாது. பழுதைச் சொன்னால்தான் அடுத்த தடவை கேட்க வாய் வரும்.

மூன்று: வரவு எல்லாம் பெயரோடும் தொகையோடும் ஆண்டு அறிக்கையில் வரவேண்டும். பெயர் வேண்டாம் என்பவரின் விருப்பத்தை மதிக்கலாம். ஆனால் பணம் வந்த வழி செயற்குழுவுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

அண்ணாச்சியை அதற்குப் பிறகும் பார்த்தேன். இந்தத் தடவை ரசீதுப் புத்தகம் எடுத்துப் போகவில்லை. நானும் எம்.எஸ்ஸி. மாணவிகள் இருவரும் சேர்ந்து பீரோவைத் திறந்து, பாட்டில்களை எண்ணி, பார்மலின் ஊற்றி, லேபிள் ஒட்டி, கணக்கெழுதிய நோட்டை மட்டும் எடுத்துப் போனேன். மொத்தம் 84 பாட்டில். அதில் காப்பாற்ற முடியாதவை 19. அந்தக் கடல் குதிரையும் 19-ல் ஒன்று. அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கம் வரை படித்தார்.

"பத்தொம்பது போச்சா?"

"ஆமா அண்ணாச்சி. எங்க தப்புதான்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பார்மலின் மாசம் எவ்வளவு ஆவும்?" என்று கேட்டார். மாணவிகள் கணக்குப் போட்டு வைத்திருந்த தொகையைச் சொன்னேன். "இவ்வளவுதானா? இத மொதல்லயே கேட்டுருக்கலாம்லா?" என்றார். அது முதல் மாதாமாதம் அவர் கடையிலிருந்து அந்தத் தொகை வந்துவிடுகிறது. பெயர் எங்கே எழுதட்டும் என்று கேட்டதற்கு, "பாட்டில்லயா எழுதுவீங்க? போங்க தம்பி" என்று சிரித்துவிட்டார்.

ஒன்றுகூடலுக்கு வரும் நண்பர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் அரைமணி நேரம் ஒதுக்கி, விலங்கியல் மியூசியத்துக்கு வந்து பாருங்கள். கதவு திறந்திருக்கும். மாணவிகள் சுற்றிக் காட்டுவார்கள். குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

— விலங்கியல் துறைப் பழைய மாணவர் (1973–76)